சின்ன டர்போவும் யாழ்ப்பாணத்து வெக்கையும்

1990-களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தப் புகை இன்னும் மூக்கில் நிற்கும். பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது; விலை வாயால் சொல்ல முடியாதது. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்புவார்கள், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கல்யாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் கார்கள் அப்படித்தான் போய் வந்தன.

எங்கள் மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தோடு அந்த எஞ்சின்களின் பழமையும் சேர்ந்துதான் அதைச் சாத்தியமாக்கியது. ஏ-40 சமர்செட் காரின் எஞ்சின் 1,200 கன சென்ரிமீற்றர், வலு 42 குதிரை, அமுக்க விகிதம் 7.2. அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவையை அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்குத்தான் நெரிக்கும். வாயுவை நெரித்தால் சூடேறும். கூட நெரித்தால் கூடச் சூடேறும். பிளக்கில் பிறந்த சுடர் சிலிண்டரின் மறுகரையைப் போய்ச் சேர முன்னரே அங்குள்ள கலவை தன்பாட்டில் வெடித்தால் ‘டிக் டிக்’ என்று உலோகத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும். தட்டல் என்பது அதுதான். சுடர் வரும்வரை பற்றாமல் பொறுத்திருக்கும் குணத்தைத்தான் ஒக்டேன் எண் அளக்கிறது. ஐசோ-ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இடையில் எந்த எரிபொருள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் இந்த வரிசையில் மிகவும் கீழே. குறைவாக நெரிக்கும் கிழட்டு எஞ்சின்தான் அதைச் சகித்தது. அதுவும் முக்கி முனகித்தான்.

இந்தத் தட்டலைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று திருநெல்வேலியிலும் சாவகச்சேரியிலும் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு லீற்றர் டர்போக் கார்களுக்கு எவ்வளவு வலு ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பதும் அதே தட்டல்தான்.

இந்தச் சின்ன டர்போக்கள் ஏன் இங்கு வந்து குவிந்தன? இலங்கையில் வாகன வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துத்தான் ஏறும். 1,000 கன சென்ரிமீற்றருக்குள் நின்றால் வரி குறைவு. ஆகவே ஹொண்டா சிவிக் போன்ற பெரிய உடம்புக் கார்கூட 988 கன சென்ரிமீற்றர் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினோடு வந்து இறங்கியது. சுசுகி சுவிஃப்ட் ஆர்எஸ்டி, பிறகு டொயோட்டா ரைஸ், இன்னொரு பக்கம் 658 கன சென்ரிமீற்றர் டர்போ எஞ்சினோடு சுசுகி எவ்ரி வான்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தபோது புது ரைஸ் ஒன்றின் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. லீசிங் கட்டுகிறவர் புதுக்கார் நினைப்பை விட்டுவிட்டு, இருப்பதையே கொஞ்சம் இழுவையாக, கொஞ்சம் பிடிப்பாக ஆக்க முடியாதா என்று கேட்கத் தொடங்கினார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியோடு கடைக்குப் போகிறவர் முதலில் வாங்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் சத்தத்தை.

டர்போ செய்யும் வேலை எளியது. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகச் சைலென்சர் வழியே வீணாகப் போகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு சின்ன விசிறிச் சில்லை வைத்து, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சில்லை வைத்து, வெளிக் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறார்கள். சின்னக் கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்று வரை போகும். கூடக் காற்று உள்ளே போனால் கூட ஒட்சிசன், அதற்கேற்பக் கூடப் பெற்றோல், கூட வலு. 996 கன சென்ரிமீற்றர் ரைஸ் 98 குதிரை வலுவும் 140 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருவது இப்படித்தான். ஏ-40-ஐ விடச் சின்ன எஞ்சின், இரண்டு மடங்குக்கு மேல் வலு.

பிரச்சினை, நெரித்த காற்று சூடாகும் என்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சித்திரை மாதத்து மத்தியானம், வெளிக்காற்று 33 பாகை செல்சியஸ். டர்போ அதன் அமுக்கத்தை இரு மடங்காக்குகிறது என்று வைப்போம். அதன் வினைத்திறன் 70 சதவீதம். வெளியே வரும் காற்று ஏறக்குறைய 130 பாகை. சூடான காற்று ஐதான காற்று. அதே குழாய்க்குள் ஒட்சிசன் குறைவு. போதாததற்குத் தட்டலையும் அழைத்துக்கொண்டு வரும். இதற்காகத்தான் இன்ரகூலர்: முன்னாலோ பக்கத்திலோ நிற்கும் அலுமினியச் சட்டம், உள்ளே டர்போக் காற்று, வெளியே தெருக்காற்று. 130 பாகையை அது 55-க்கு இறக்கினால் அடர்த்தி ஏறக்குறைய 23 சதவீதம் கூடுகிறது. டர்போவைத் தொடாமல், பெற்றோலை மாற்றாமல் 23 சதவீதம் கூடுதல் காற்று.

தொழிற்சாலைகள் சொல்லும் குதிரைவலு 25 பாகையில், உலர்ந்த காற்றில் அளந்த கணக்கு. எங்களுக்கு அந்த 25 பாகை மார்கழி, தை விடியற்காலையில்தான் வாய்க்கும். போதாததற்குக் கடற்காற்றின் ஈரம் வேறு. 33 பாகையில் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதமாக இருந்தால் ஏறக்குறைய 4 சதவீத இடத்தை நீராவி பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒட்சிசன் இல்லை. ஆறுதலுக்கு ஒன்று: குடாநாடு முழுவதும் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது, ஆகவே காற்றின் அமுக்கம் முழுசாகக் கிடைக்கிறது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இனி கராஜுக்குப் போவோம். வேலைப்பாடு அதிகம் செய்த ஒரு காரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். முகப்பைத் திறந்தால், கார் வரும்போதே இருந்த கறுப்புக் காற்றுப் பெட்டி கழற்றப்பட்டு, அந்த இடத்தில் சிவப்புக் கூம்பு வடிகட்டி ஒன்று திறந்தபடி நிற்கிறது. இளைஞர் சொல்கிறார்: “அண்ணை, சத்தம் நல்லா வருது, ஆனா இழுவை வரேல்லை.” மெக்கானிக் நிமிரவில்லை. “தம்பி, உது எஞ்சின்ரை சூட்டைத்தான் உறிஞ்சுது. வெளிக்காத்தை விடு பாப்பம்.” இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் ஓபிடி செருகி ஒன்றை ஸ்ரியறிங்கின் கீழே குத்தி, போனைத் திறந்து, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைக் காட்டுகிறார். என்னைக் கேட்டால் டர்போக் காருக்கு முதலில் வாங்கவேண்டிய சாமான் அந்தச் செருகிதான். எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் அளந்து பார்க்கலாம். கடைக்காரர் சொல்லை நம்பவேண்டியதில்லை.

ஓடும்போது இன்ரகூலர் இந்தத் தவறில் பெரும்பகுதியைத் திருத்திவிடும் என்பதையும் சொல்லவேண்டும். 33 பாகைக் காற்றுக்குப் பதில் முகப்புக்குள் கிடக்கும் 60 பாகைக் காற்றை உறிஞ்சினால், மேலே போட்ட அதே கணக்கின்படி இன்ரகூலருக்குப் பின் வித்தியாசம் 8 பாகை அளவில்தான் வரும். ஆனால் பெரியாஸ்பத்திரிக்கு முன்னால் நெரிசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் புறப்படும்போது இன்ரகூலருக்குக் காற்றே இல்லை. அப்போது கூம்பு உறிஞ்சுவது முழுக்க எஞ்சின் வெக்கை. தொழிற்சாலை தந்த பெட்டியின் மூக்கு விளக்குக்குப் பக்கத்தில் வெளிக்காற்றை நோக்கி இருப்பது சும்மா இல்லை.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. வலிகாமத்தின் செம்மண் சோளகக் காற்றில் மாவாக எழும்பும். சுன்னாகம், மருதனார்மடம் பக்கத்தில் ஓடும் காரின் வடிகட்டியைக் கழற்றி, அதற்கு உட்பக்கத்துப் பிளாஸ்ரிக் சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரல் சிவந்தால் தூசு வடிகட்டியைத் தாண்டிவிட்டது. வடிகட்டி சரியாகக் குந்தவில்லை, அல்லது எண்ணெய் தடவிய ‘கழுவிப் பாவிக்கும்’ வடிகட்டி எண்ணெய் வற்றிக் கிடக்கிறது. மணலின் சிலிக்கா இரண்டு இலட்சம் சுற்றில் சுழலும் டர்போ இலையின் விளிம்பை அராவும். மிச்சம் சிலிண்டருக்குள் போய் றிங்குகளைத் தின்னும். சாதாரண காகித வடிகட்டியை வேளைக்கு மாற்றுவது இந்த மண்ணில் எந்தப் பந்தய வடிகட்டியையும் விட நல்லது.

பத்து வருடம் ஓடிய டர்போக் கார் ‘முன்னைமாதிரி இழுக்குதில்லை’ என்றால் டர்போவையோ கணினியையோ குற்றம் சொல்ல முன் றப்பர் குழாய்களைப் பாருங்கள். டர்போவிலிருந்து இன்ரகூலருக்குப் போகும் குழாயில், இறுக்கு வளையத்துக்குச் சரியாகக் கீழே, மயிரிழை வெடிப்பு ஒன்று இருக்கும். வெளியே அடையாளம் கறுத்த ஒயில் ஈரம். சும்மா நிற்கும்போது அது மூடிக்கொள்ளும். அமுக்கம் ஏறும்போது மட்டும் வாய் திறந்து ‘ஸ்ஸ்’ என்று காற்றை விடும். சவர்க்காரத் தண்ணி தடவிப் பம்பால் மெல்லக் காற்றடித்தால் குமிழி சொல்லிக்கொடுக்கும். பிளக்கும் அப்படித்தான். அமுக்கம் கூடிய காற்றில் பொறி பாய்வதற்குக் கூடிய மின்னழுத்தம் வேண்டும். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றால் சாதாரணமாக ஓடும் கார், முந்துவதற்கு மிதிக்கும்போது மட்டும் விக்கும். இந்த இரண்டு வேலைக்கும் ஆகும் செலவு ஒரு நல்ல ரயரின் விலைக்குக் கிட்டவும் வராது. தொலைந்த வலுவைத் திரும்ப எடுப்பதும் வலுக்கூட்டல்தான்.

அடுத்தது தண்ணி. வெளிநாட்டுக் கார் நூல்களில் காணமுடியாத ஒரு எதிரி எங்களுக்கு உண்டு: கிணறு. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணியில் கல்சியம் காபனேற்றுக் கரைந்திருக்கிறது. கரையோரங்களில் உவர் வேறு. தேத்தண்ணிக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்து, உரசினாலும் இலேசில் போகாத அந்த ஓடுதான் ரேடியேற்றருக்குள்ளும் எஞ்சினின் தண்ணிப் பாதைக்குள்ளும் படிகிறது. அது வெப்பத்தைக் கடத்துவது அலுமினியம் கடத்துவதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. மெல்லிய படலமே போதும். கூடவே குளோரைட்டு அலுமினியத்தை அரிக்கும். வலு கூட்டிய எஞ்சின் அதே அளவு தலைக்குள் கூட வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றும் வழியில் சுண்ணாம்பு ஓடு. சிலிண்டர்ச் சுவர் சூடேறினால் மறுபடியும் தட்டல். ‘தண்ணி குறைஞ்சுபோச்சு’ என்று பெற்றோல் செற்றில் வாளியால் ஊற்றுவதை நிறுத்தி, கலந்து வரும் கூலன்ரைப் போத்தலில் வாங்கி ஊற்றுவது செலவு குறைந்த மேம்படுத்தல். ரேடியேற்றர் மூடியின் றப்பரையும் கவனியுங்கள். 110 கிலோபஸ்கால் மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணிகூட 120 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். றப்பர் காய்ந்துபோனால் 100-லேயே கொதித்துவிடும்.

ஒயில் விஷயத்தில் டர்போக்கார் கஞ்சத்தனத்தைப் பொறுக்காது. டர்போத் தண்டு மெல்லிய ஒயில் படலத்தின்மேல்தான் மிதந்து சுற்றுகிறது. வேகமாக ஓடிவந்து உடனே திறப்பைத் திருப்பினால் ஒயில் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது. தேங்கிய ஒயில் கருகிக் காபனாகும். இதற்காக விற்கப்படும் ‘டர்போ ரைமர்’ இங்கே பெரும்பாலும் தேவையில்லை. வீட்டுக்கு வரும் கடைசி ஒழுங்கையில் இருபது கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து வருவதற்குள் டர்போ ஆறிவிடும். ஏ-9 வீதியில் நீட்டி ஓட்டிவந்து முறிகண்டியில் பிள்ளையாருக்கும் கச்சானுக்குமாகச் சட்டென்று நிறுத்துவீர்கள் அல்லவா, அங்கேதான் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடவேண்டும்.

நவீன சின்ன டர்போக்களுக்கு மட்டும் வரும் ஒரு நோயும் உண்டு. சுற்று குறைவாக, மிதி ஆழமாக இருக்கும்போது, சிலிண்டருக்குள் சிதறிய ஒயில் துளியோ காபன் துணிக்கையோ பொறிக்கு முன்னரே பற்றிவிடும். தட்டலை விடக் கொடியது. ஒரே அடியில் பிஸ்ரன் உடையலாம். ஒயிலில் கல்சியச் சேர்மானம் கூடினால் இது கூடுகிறது என்று கண்டுபிடித்ததும் ஒயிலின் இலக்கணமே மாறியது: 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி. போத்தலின் பின்பக்கத்தில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும், டர்போவுக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதும் போதும். மாட்டு வண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்து திடீரென்று மிதியை அடிமட்டத்துக்கு அழுத்துவதை விடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் எல்லோரும் முதலில் கேட்கும் விஷயத்துக்கு வரலாம்: கணினியை மாற்றி எழுதுதல். றீமாப் என்பார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் இதனால் கிடைப்பது சொற்பம். டர்போவில் அப்படியல்ல. அமுக்கத்தைத் தீர்மானிப்பது கணினி. அதற்குச் சொன்னால் கூடத் தரும். 20 சதவீதத்துக்கு மேல்கூட முறுக்குவிசை ஏறும். செலவழிக்கும் ரூபாய்க்குக் கிடைக்கும் வலுவைப் பார்த்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை.

தொழிற்சாலைக்காரர் அந்த வலுவை ஏன் விட்டுவைத்தார்? சில இடங்களில் காரணம் எஞ்சினுக்கு வெளியே. ஜப்பானில் 660 கன சென்ரிமீற்றர் ‘கேய்’ வாகனங்கள் 64 குதிரை வலுவுக்கு மேல் போவதில்லை என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கிறார்கள். 1987-இல் வந்த சுசுகி அல்ரோ வேர்க்ஸ் தொட்ட எல்லை அது. எவ்ரி டர்போவும் அந்த 64-இலேயே நிற்கிறது. மற்ற இடங்களில் காரணம் எரிபொருள். சுசுகியின் ஒரு லீற்றர் டர்போ எஞ்சின், 2016-இல் ஜப்பானில் பலேனோவில் உயர் ஒக்டேன் பெற்றோலோடு 111 குதிரை தந்தது. அடுத்த ஆண்டு சுவிஃப்ட் ஆர்எஸ்டியில் சாதாரண பெற்றோலுக்கு ஏற்ப 102-க்கு இறக்கப்பட்டது. இரும்பு அதே இரும்பு. வித்தியாசம் தட்டலைப் பொறுக்கும் திறன். இங்கே எங்கள் செற்றுகளில் 92-உம் 95-உம் கிடைக்கின்றன. ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கு எழுதப்பட்ட ரைஸுக்கு 92 தாராளம். 95 ஊற்றினால் பெரிதாக எதுவும் நடக்காது. ஐரோப்பாவுக்கு எழுதப்பட்ட சிவிக்குக்கு 95 வேண்டும். 92 ஊற்றினால் தட்டலை உணரும் உணரி பொறியைப் பிந்த வைக்கும், வலு குறையும், சூடு கூடும். றீமாப் செய்த காருக்குப் பிறகு 95 தான். கிளிநொச்சியில் 95 முடிந்துவிட்டது என்றால் மிதியை மெல்லத்தான் வைக்கவேண்டும்.

இதற்குக் குறுக்குவழியாக ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அமுக்க உணரியின் வயருக்கும் கணினிக்கும் நடுவே அதைச் சொருகினால், உண்மையான அமுக்கத்தைக் குறைத்துக் காட்டும். கணினி ஏமாந்து அமுக்கத்தைக் கூட்டும். வேலை செய்யும்தான். ஆனால் தனக்குள் என்ன நடக்கிறது என்று கணினிக்கே தெரியாமல் போகிறது. சூடு கூடும் வேளையில் கையைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. நல்ல கையால் எழுதிய றீமாப்பில் அந்தக் காவல் அப்படியே இருக்கும். இன்னொரு எல்லையையும் சேர்த்துக் கேளுங்கள்: ரைஸ் போன்ற கார்களின் சிவிரி கியர் ஓர் உலோகப் பட்டியின் பிடிப்பில் ஓடுகிறது. எஞ்சின் தாங்கும் முறுக்குவிசையைப் பட்டி தாங்கவேண்டும் என்று இல்லை. வழுக்கத் தொடங்கிய பட்டி தன்னைத்தானே தின்னும். அந்தக் கியர்ப்பெட்டியின் விலை றீமாப்பை விடப் பல மடங்கு.

சத்தம் போடும் சைலென்சரும், மிதியை விடும்போது ‘பிஷ்’ என்று ஊதும் வால்வும் வலுவோடு பெரிய உறவில்லாத சாமான்கள். புகையைச் சுத்தமாக்கும் பெட்டியைக் கழற்றி எறிந்தால் ஆண்டுதோறும் வரும் புகைப் பரிசோதனையில் தோற்று வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காமல் நிற்பீர்கள். பொலிஸ்காரருக்குச் சத்தமே அழைப்பிதழ்.

வலு இருக்கட்டும், அதை எங்கே ஓட்டுவது? மலை இல்லை, கொண்டையூசி வளைவு இல்லை. நகரத்துக்குள் சட்டப்படி 50, வெளியே 70. ஆனால் குடாநாட்டு வீதிக்குத் தனக்கே உரிய சோதனைகள் உண்டு. கதிகால் வேலிக்குள்ளிருந்து திரும்பும் தொண்ணூறு பாகை முடக்கு. ஐப்பசி மழையில் தோட்டத்திலிருந்து ஏறிய லான்ட்மாஸ்ரர் தார் வீதியில் விட்டுப்போன செம்மண் சேறு. மாசி, பங்குனியில் பரந்தன், பூநகரிப் பக்கம் வீதியில் பாதியை மறித்துக் காயப்போட்ட நெல். அதன்மேல் பிரேக் பிடித்தால் ரயருக்குக் கீழே தார் இல்லை, உருளும் மணிகள்தான். இரவில் ஏ-9-இன் நடுவே படுத்திருக்கும் மாடு. இங்கே கார் கைக்கு அடங்குவது என்றால் திடீரென்று ஒடித்துத் திரும்ப நேராக்கும்போது அலையாமல் நிற்பதுதான்.

அந்த வேலையில் முக்கால்வாசி ரயருடையது. 980 கிலோ கார், ரயருக்குள் 230 கிலோபஸ்கால். ஒவ்வொரு ரயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 100 சதுர சென்ரிமீற்றர், பத்துக்குப் பத்து. எஞ்சினும் பிரேக்கும் ஸ்ரியறிங்கும் சொல்வதெல்லாம் இந்த நாலு சதுரங்கள் வழியேதான் வீதிக்குப் போய்ச் சேரும். பூ ஆழமாக இருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் வார்த்தது. ஜப்பானில் ஓடி இங்கு ரீகண்டிஷனாக இறங்கிய காரின் ரயர்கள் பூவோடு பளபளவென்று நிற்கும். றப்பர் மட்டும் கிழண்டு கல்லாகியிருக்கும். முதல் மழையில் தெரியும். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு சாமான், இரண்டாயிரத்துக்கு ஒரு சாமான் என்று சேர்க்கும் காசை முழுவதும் நாலு நல்ல ரயரில் போடலாம். அதே அளவில். பெரிய சில்லும் தாழ்ந்த சுவரும் அழகுதான். ஆனால் ஸ்பிறிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் குண்டில் சில்லு துள்ளும் நேரத்தைக் கூட்டும். துள்ளும் சில்லுக்குப் பிடிப்பு இல்லை.

காரைத் தாழ்த்துவதைப் பற்றி இளைஞர்களோடு வாதாடி வெல்ல முடியாது, எண்களைக் காட்டலாம். திரும்பும்போது உட்பக்கச் சில்லுகளின் பாரம் வெளிப்பக்கத்துக்கு நகரும். எவ்வளவு நகரும் என்பதை நாலு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காரின் நிறை, பக்க ஆர்முடுகல், ஈர்ப்பு மையத்தின் உயரம், இரு சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலம். ஈர்ப்பு மையம் 55 சென்ரிமீற்றர் உயரத்தில், அகலம் 1.475 மீற்றர், புவியீர்ப்பில் பாதியளவு பக்க ஆர்முடுகலோடு ஒரு திருப்பம்: 183 கிலோ பாரம் நகர்கிறது. ஸ்பிறிங்கை மாற்றி 2 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் அது 176 ஆகிறது. குறைந்தது 7 கிலோ. பின்சீற்றில் ஒரு மா மூட்டையை எடுத்துவிட்டால் இதைவிடக் கூட மிச்சம். ஸ்பிறிங்கின் விறைப்பு இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். விறைப்பான ஸ்பிறிங் காரின் சரிவைக் குறைக்கும், உடம்புக்கு ‘நல்லா நிக்குது’ என்ற உணர்வைத் தரும். நகரும் பாரத்தைக் குறைக்காது. தாழ்த்திய காரின் அடி எங்கள் வேகத்தடைகளில் உரசும் சத்தம் மட்டும் மெய்.

முன்சில்லு இழுக்கும் சின்னக் கார்கள் முடக்கில் மூக்கை வெளியே தள்ளப் பார்க்கும். அதைத் திருத்த மலிவான வழி பின்பக்கத்துக்குத் தடித்த சரிவுத் தடுப்புத் தண்டு. மொத்தப் பாரப் பெயர்ச்சி மாறாது. அதில் கூடிய பங்கைப் பின்பக்கம் சுமக்கும், முன்ரயர்களுக்குக் கொஞ்சம் பிடிப்பு மிஞ்சும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈர வீதியில் பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்து நிறுத்தத் தெரியாது. எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. உயரமான எவ்ரி வானுக்கு, அதன் 12 அங்குலச் சில்லுகளோடு, வலு கூட்டும் யோசனையையே விட்டுவிடவேண்டும்.

பழைய காரைப் புதுக்காராக உணரவைப்பது புஷ் றப்பர்கள். கீழ்க் கையின் புஷ் வெடித்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சில்லு பின்னே நகர்ந்து, விட்டதும் முன்னே வரும். ஸ்ரியறிங் எவ்வளவு நேராக இருந்தாலும் கார் அலையும். கூடவே ஷொக் அப்சோபர். பிறகு சில்லு நேர்த்தி. இரண்டு முன்சில்லுகளின் முன் விளிம்புகளும் பின் விளிம்புகளை விட 3 மில்லிமீற்றர் கிட்ட நின்றால், ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் அவை ஒன்றையொன்று நோக்கி 5 மீற்றர் இழுபடுகின்றன. ரயரின் விளிம்பில் உள்ளங்கையைத் தடவினால் ஒரு பக்கம் மழமழப்பாகவும் மறுபக்கம் அரம்போலவும் தட்டுப்படுவது அந்த இழுபறியின் தடம். புஷ் மாற்றாமல் நேர்த்தி செய்வது வீண்; நகரும் சில்லை எந்தக் கோணத்தில் பூட்டினாலும் அது அங்கே நிற்காது.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு நாளாந்தம் போய் வருகிறவர்களுக்கு இன்னொரு செலவு இருக்கிறது. உப்புக் காற்று இன்ரகூலரின் மெல்லிய தகடுகளையும் பிரேக் குழாயையும் ஒன்றாக அரிக்கும். கிழமைக்கு ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் மெல்லக் கழுவவேண்டும். அமுக்கக் குழாயால் தகடுகளுக்கு நேரே அடித்தால் அவை மடிந்துபோகும்.

கடைசியாகப் பிரேக். ஒரு தொன் காரின் இயக்கசக்தி 70 கிலோமீற்றர் வேகத்தில் 189 கிலோயூல், 100-இல் 386. வேகம் பாதியளவுகூடக் கூடவில்லை, சக்தி இரட்டித்துவிட்டது. நல்ல ரயரோடு உலர்ந்த வீதியில் 70-இலிருந்து நிற்க 24 மீற்றர் அளவு போதும், 100-இலிருந்து 49. செம்மண் சேற்றில் அல்லது கல்லான ரயரில் பிடிப்பு குறைந்தால் 70-க்கே 38 மீற்றர் வேண்டும். இதெல்லாம் கால் மிதியைத் தொட்ட பிறகு. மாட்டைக் கண்டு கால் போகும்வரை ஓடியது தனி. அந்தச் சக்தி முழுவதும் தட்டிலும் பாட்டிலும் வெப்பமாகிறது, வெப்பம் பிரேக் ஒயிலுக்கு ஏறுகிறது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். எங்கள் காற்றில் அதற்குக் குறைவில்லை. டொட் 3 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 140. டொட் 4-க்கு 230-உம் 155-உம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும். டொட் 4 போத்தல் ஒன்றின் விலை ஒரு தரம் பெற்றோல் அடிப்பதை விடக் குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன்னரே மாற்றச் சொல்லுங்கள். மேல் பாத்திரத்தை மட்டும் துடைத்து நிரப்பவிடாமல், நாலு சில்லிலும் கபில நிறம் போய்த் தெளிந்த ஒயில் வரும்வரை வடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். மீதிப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கவேண்டாம். மூடி ஒருமுறை திறந்தால் அதுவும் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும்.